கொதிப்பும் நெளிவுசுளிவும்: ஊர்ப் பொறுப்புக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊராட்சித் தலைவராகவோ வார்டு உறுப்பினராகவோ இருந்தவர்கள், மகளிர் குழுவையும் விவசாயிகள் சங்கத்தையும் நடத்துகிறவர்கள், அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பயிற்சி வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்பதைவிட, சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பதுதான் அதிகம். அப்படி வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற வெறி எனக்கு இருக்கிறது. அது போதாதா? எதற்கு இந்த அரசியல் எல்லாம்?

போதாது. வெறி உங்களுடையது, ஊர் எல்லோருடையது. நீங்கள் கேட்கும் தண்ணீர்த் தொட்டி யாரோ ஒருவருடைய நிலத்தை ஒட்டித்தான் வரும். பாதையை அகலப்படுத்தினால் ஒரு வீட்டுத் திண்ணை போகும். அந்த நிலத்துக்காரரும் திண்ணைக்காரரும் ஊர்க்காரர்கள்தான். அவர்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டு, எதைக் கொடுத்து எதை வாங்கலாம் என்று பார்த்துச் சம்மதிக்க வைக்கும் நெளிவுசுளிவுதான் நான் சொல்லும் அரசியல். இதை அழுக்கு வேலை என்று நல்லவர்கள் ஒதுங்கினால், ஊரைப் பற்றிக் கவலையே இல்லாத ஒருவர் அதைச் சுலபமாகக் கையில் எடுத்துக்கொள்வார். அப்படித்தான் பல ஊர்களில் நடந்திருக்கிறது.

கொதிப்பு, நெளிவுசுளிவு இரண்டையும் சேர்த்துச் செய்தவர் நம் பக்கத்தில் யாராவது உண்டா?

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியையே பாருங்கள். மதுவிலக்கு அவருக்கு உயிர். அதற்காகவே பத்திரிகை நடத்தியவர். 1937-இல் சென்னை மாகாணத்தின் ஆட்சி கைக்கு வந்ததும் மாகாணம் முழுக்க ஒரே நாளில் கடைகளை மூடச் சொல்லியிருந்தால் அவரை நம்பியவர்கள் கொண்டாடியிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். அன்றைக்கு தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்துக்குள்தான் இருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி 2004-இல். ஆக, மதுவிலக்கு முதலில் வந்தது நம் தாத்தா பாட்டிமார் இருந்த ஊர்களுக்குத்தான். அதன் பிறகு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று ஒவ்வொரு மாவட்டமாகப் போனார். கள், சாராயத்தில் வந்த வருமானம் போய்விட்டால் அரசாங்கத்தை எதை வைத்து நடத்துவது என்ற கேள்வி இருந்தது. 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்து அதற்கும் ஒரு வழி செய்தார். மதுவிலக்கைக் கேட்டுக் கொதித்தவர்கள் எத்தனையோ பேர். கஜானாவைப் பற்றியும் சேர்த்து யோசித்தவர்கள் சிலர்தான்.

அதே மனிதர் 1953-இல் மீண்டும் முதலமைச்சராக இருந்தபோது, பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கிக்கொண்டது அது. கட்சியிலும் அமைச்சரவையிலும் கலந்து பேசாமல் அறிவித்துவிட்டார் என்று அவருடைய கட்சிக்காரர்களே குறைபட்டுக்கொண்டார்கள். எதிர்ப்பு பெருகியது. 1954-இல் அவர் பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தத் திட்டமே தவறு என்பது என் எண்ணம். அது நல்ல திட்டமாகவே இருந்திருந்தாலும், யாரையும் கேட்காமல் வந்த விதத்துக்கு நிலைத்திருக்காது.

காமராஜர் அப்போது செய்ததையும் பாருங்கள். தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடங்களைப் பெருக்கவும், 1956-இல் மதிய உணவைத் தொடங்கவும் அவருக்குச் சண்டை இல்லாத அமைச்சரவை தேவைப்பட்டது. ஏழைப் பிள்ளை படிக்க வேண்டும் என்ற அவருடைய ஆசை இதனால் துளியும் குறையவில்லை.

சுப்பிரமணிய சிவா யாருக்கும் வளையவில்லையே? அவரை இன்றைக்கும் கும்பிடுகிறோமே?

கும்பிடத்தான் வேண்டும். சுதந்திரப் போராட்டத்துக்காகப் போன சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தபோதும் நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்று சித்தரஞ்சன் தாஸை வைத்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-இல் அங்கேயே காலமானார். அவர் நினைத்த கோயில் அவர் காலத்தில் எழும்பவில்லை.

இப்படிப்பட்டவர்கள் வெளியே நின்று குரல் கொடுக்கவில்லை என்றால் உள்ளே உட்கார்ந்து பேரம் பேசுகிறவருக்குப் பலமே இருக்காது. "வெளியே பாருங்கள், ஜனம் இப்படிக் கொதிக்கிறது" என்று சொல்ல அவருக்கு ஓர் ஆதாரம் வேண்டும். ஆகவே நீங்கள் எந்த இடத்தில் நிற்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பொறுப்பை ஏற்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் உங்களிடம் ஜனம் கேட்பது தண்ணீர், சாலை, பட்டா. வளையாத வீராப்பை வைத்து அவர்கள் குடிக்கவோ நடக்கவோ முடியாது.

துணைத்தலைவர் எதிர் அணி. செக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். நியாயம் என் பக்கம்தான். என்ன செய்வது?

நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் போக இரண்டு பேர் ஒப்புதலும் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். காரணமாகத்தான். ஒருவர் மட்டும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக.

முதலில் அவர் ஏன் மறுக்கிறார் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் பணம் கேட்கிறார் என்றுதான் எடுத்த எடுப்பில் நினைப்போம். சில இடங்களில் அது உண்மை. பல இடங்களில் அவருடைய வார்டில் ஒரு தெருவிளக்குகூட எரியவில்லை, வேலை முடிந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிகிறது, திறப்பு விழாவில் பெயர் போடவில்லை என்பதுதான் கதை. இதற்கெல்லாம் மருந்து உண்டு. அடுத்த வேலையை அவர் வார்டில் தொடங்குங்கள். மதிப்பீடு வந்ததும் முதலில் அவரிடம் காட்டுங்கள். "அண்ணே, நீங்க பாத்துட்டு சொல்லுங்க, அப்புறம் கூட்டத்துல வெச்சிக்கலாம்" என்ற ஒரு வாக்கியம் ஆறு மாதக் கையெழுத்துச் சண்டையை முடித்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கமிஷன்தான் கேட்கிறார் என்றால் பேச்சு வேறு. அவர் மறுத்ததை மன்றக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அவசரப்பட்டுக் குறுக்கு வழியில் பணத்தை எடுக்காதீர்கள். நல்லதுக்குத்தான் செய்தேன் என்பது தணிக்கையில் நிற்காது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் தலைவரையே நீக்க ஆட்சியருக்கு வழி இருக்கிறது. அந்தக் கத்தியை எதிராளி கையில் நீங்களே கொடுக்க வேண்டாம்.

கிராம சபையில் கத்தினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். பொறுமையாகப் பேசினால் யார் கேட்கிறார்கள்?

கத்துவதால் அன்றைக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த நாள் அலுவலகத்தில் இருக்கப்போவது தீர்மானப் புத்தகம் மட்டும்தான். அதில் எழுதப்படாத எதையும் யாரும் உங்களுக்குக் கடன்படவில்லை.

பல ஊர்களில் நடப்பது இதுதான். காலையிலேயே வந்தவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்புறம் பேச்சு, சத்தம், யாராவது மைக்கைப் பிடுங்குவது. கூட்டம் கலைந்த பிறகு செயலர் உட்கார்ந்து தீர்மானங்களை எழுதுவார். நீங்கள் தொண்டை வற்றக் கத்திய விஷயம் அதில் இருக்காது. இருந்தாலும் "பரிசீலிக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டது" என்று முடிந்திருக்கும். இதற்கு ஒரே வழி, உங்கள் தீர்மானத்தை நீங்களே நாலு வரியில் எழுதி எடுத்துப் போவது. எந்தத் தெரு, என்ன வேலை, எந்த நிதியில், எப்போதுக்குள் என்று இருக்கட்டும். சபையில் படித்து, புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதி முடித்த பக்கத்தைப் போனில் படம் எடுத்த பிறகு எழுந்து வாருங்கள்.

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. உங்கள் தெருப் பெண்கள் முப்பது பேரை நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் முன் பேசி அழைத்து வந்தால், அந்தக் கூட்டத்தின் பாதி உங்கள் பக்கம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் சபையில் தமிழில் எழுந்து பேசத் தயங்குவார்கள். அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசிக் கேளுங்கள். வெளியில் சொல்லாமல் வைத்திருந்த குறை அப்போதுதான் வரும்.

நான் பெண். உறுதியாகப் பேசினால் திமிர் என்கிறார்கள், பணிந்து பேசினால் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்கிறார்கள்.

இது உங்கள் குறை இல்லை. ஆண் பேசினால் கம்பீரம் என்று சொல்லும் அதே வாய்தான் இதைச் சொல்கிறது. அது மாறும் வரை காத்திருக்க முடியாது என்பதால் சில உபாயங்கள் சொல்கிறேன்.

தனியாகப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியது நம் தருமபுரியில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. வங்கி மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசிப் பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆறு பேராக அலுவலகத்துக்குப் போனால் "வீட்டுக்காரர் வரலையா" என்ற கேள்வி வாயோடு நின்றுவிடும். வீட்டுக்காரர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால், முதல் நாளே, எல்லோர் முன்னிலையிலும் இல்லாமல் வீட்டில் வைத்துப் பேசி முடியுங்கள். முதல் மாதம் விட்டுவிட்டால் ஐந்து வருடமும் அப்படியே போகும். கையெழுத்து உங்களுடையது, வழக்கு வந்தாலும் உங்கள் மேல்தான் வரும் என்பதை அவருக்கும் புரிய வையுங்கள்.

மாங்காய் விலைக் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் கோஷம் போடுகிறோம். ஏதாவது பயன் உண்டா?

கோஷம் போட்டதால்தான் விவசாயிகள், மாங்கூழ் ஆலைக்காரர்கள், அதிகாரிகள் என்று ஆட்சியர் முத்தரப்புக் கூட்டம் கூட்டுகிறார். அந்த வரைக்கும் அது செய்த வேலை பெரியது. கூட்டம் தொடங்கிய பிறகு கணக்குதான் பேசும். மருந்தடிப்புக்கு எவ்வளவு, பறிகூலி எவ்வளவு, வண்டி வாடகை, ஆலை வாசலில் காத்திருந்த நாட்களில் அழுகியது எவ்வளவு என்று கிலோவுக்குக் கணக்கிட்டு ஒரே தாளில் கொண்டுபோங்கள். எதிரில் இருப்பவர் நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும்: போன வருடக் கூழ் குடோனில் எவ்வளவு தேங்கியிருக்கிறது, ஏற்றுமதி எப்படி இருக்கிறது. பக்கத்து மாநிலத்தையும் பாருங்கள். 2025-இல் ஆந்திர அரசு இதே கிளிமூக்கு மாங்காய்க்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தது. "சித்தூரில் முடியும் என்றால் கிருஷ்ணகிரியில் ஏன் முடியாது?" என்று கேட்டால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும், "விவசாயி வயிற்றில் அடிக்காதே" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

எதிர்க்கட்சிக்காரரோடு டீ குடித்தாலே விலைபோய்விட்டான் என்கிறார்கள்.

குடியுங்கள். எல்லோரும் பார்க்கிற கடையில் குடியுங்கள்.

ஒகேனக்கல் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். நம் இரண்டு மாவட்டங்களின் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது என்பது வரம்பு. கொதிக்க வைத்தாலும் போகாது. பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர், மூட்டு மடக்க முடியாத பெரியவர்கள் எத்தனை பேர். 2008 பிப்ரவரியில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, இரண்டு பக்கமும் கொதித்தது. ஏப்ரலில் அவர், கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று திட்டத்தைத் தள்ளிவைத்தார். இங்கே கடும் விமர்சனம். ஆனால் தேர்தல் முடிந்தது, வேலை நடந்தது, ஆட்சியும் மாறியது. 2013 மே மாதம் ஜெயலலிதா திறந்து வைத்தார். ஒரு கட்சி தொடங்கியதை எதிர்க்கட்சி முடித்தது. உங்கள் ஊர்த் தொட்டிக்கும் இதே கதி வரலாம். தொடங்கும்போதே எதிர் அணிக்காரரை அதில் ஒரு பங்காளியாக்கி வைத்தால், ஆள் மாறினாலும் வேலை நிற்காது.

எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

இடம், நேரம், பெயர், வரிசை, யார் மாலை போடுவது, யார் தலைமை தாங்குவது: இவற்றில் தாராளமாக விட்டுக்கொடுங்கள். ஒரு மனிதரின் உடம்பும் உயிரும் மானமும் சம்பந்தப்பட்டதில் கூடாது.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் சோதனை குழந்தைத் திருமணம். உங்களுக்காக வெயிலில் ஓட்டுக் கேட்ட ஒருவர், பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்குக் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கோடு வந்து நிற்பார். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 என்று சட்டம் சொல்வது அவருக்கும் தெரியும். உங்கள் நெளிவுசுளிவு முழுக்க இங்கே பயன்பட வேண்டும். பேச்சு அடிபடும்போதே போய்விடுங்கள்; பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு போனால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். அப்பாவிடம் சட்டம் பேசுவதற்கு முன் அம்மாவிடம் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேசுங்கள். தலைமை ஆசிரியையை அழைத்துப் போங்கள். பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கும் விடுதிக்கும் நீங்களே கூட நில்லுங்கள். ஏனென்றால் பல வீடுகளில் பயம்தான் காரணம். வயசுக்கு வந்த பெண்ணை யார் பார்த்துக்கொள்வது என்ற பயம். இத்தனைக்கும் பிறகு நாள் குறித்துவிட்டார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அந்த வீட்டு ஓட்டு போகட்டும். அந்தத் தெரு ஓட்டே போனாலும் போகட்டும்.

என் ஆட்கள் கொதித்துப்போய் இருக்கிறார்கள். தடுத்தால் கோழை என்பார்கள்.

சொல்லட்டும். தருமபுரிக்காரர்கள் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. 2000 பிப்ரவரி 2 அன்று, கட்சித் தலைவருக்கு நீதிமன்றம் தண்டனை அறிவித்த ஆத்திரத்தில் இலக்கியம்பட்டியில் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உயிரோடு கருகினார்கள். 2012 நவம்பர் 7 அன்று ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளைச் சூறையாடி எரித்தார்கள். அந்த வீடுகளில் எரிந்தவற்றில் பள்ளிச் சான்றிதழ்களும் இருந்தன. பற்று, மானம், ஆத்திரம் என்று எந்தப் பெயரைச் சூட்டினாலும் இது வெறும் கொடுமை.

தலைவர் செய்ய வேண்டியது முதல் ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. நேரில் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் குரல் செய்தி உங்களுடையதாக இருக்கட்டும். "பார்த்துக்கலாம்", "விடக் கூடாது" என்ற இரண்டு பக்கமும் வெட்டுகிற வார்த்தைகள் வேண்டாம். யாரும் யார் மேலும் கை வைக்கக் கூடாது என்று நேராகச் சொல்லுங்கள். உடனே கூட்டத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்: புகார் எழுதுவது, சாட்சி சொல்பவர்களைச் சேர்ப்பது, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போவது. சும்மா நிற்கிற ஐம்பது பேர்தான் ஆபத்து. கூட்டத்தை ஏவிவிட்டு ஓட்டாக்கலாம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவரை விட்டு அன்றைக்கே விலகிவிடுங்கள்.

ஆனால் காகிதம், மனு என்று போனால் கோபம் ஆறிப்போய்விடாதா?

வாச்சாத்தியில் ஆறவில்லை. அரூர் பக்கத்து அந்த மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, ஜனங்களைச் சிறையில் தள்ளினார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 1995-இல் வழக்கு சி.பி.ஐ-க்குப் போனது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

பத்தொன்பது வருடம் அந்தப் பெண்கள் வாக்குமூலத்தை மாற்றவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கூட நின்றவர்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், ஒவ்வொரு தாளையும் பாதுகாத்தவர்கள் இருந்தார்கள். அன்றைக்குக் கொதித்து ஒரு வனத்துறை அலுவலகத்தை உடைத்திருந்தால், வழக்கு அவர்கள் மேல் திரும்பியிருக்கும்.

எனக்கு நெளிவுசுளிவு நன்றாக வரும். பெரிய கொதிப்பெல்லாம் இல்லை. நான் வரலாமா?

வரலாம். ஆனால் ஊரில் எந்த ஒரு குறை உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒன்றையாவது கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்.

பதவிக்காலம் முடிந்துவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது இந்தக் கேள்வி நிறைய வந்தது. வாக்காளராகக் கிராம சபையில் உட்கார உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு முன் ஒரு வேலை. மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, தொட்டிக்கு இடம் எழுதிக் கொடுத்தவரின் தானப் பத்திர நகல், மோட்டாரின் உத்தரவாத அட்டை, பாதியில் நிற்கும் வேலைகளின் மதிப்பீடு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அடுத்து வருகிறவர் உங்களைத் தோற்கடித்தவராகவே இருந்தாலும் அவர் கையில் கொடுங்கள். குழாய் எந்தத் தெருவில் எங்கே திரும்புகிறது, வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பது பல ஊர்களில் தொட்டி ஆபரேட்டருக்கு மட்டும்தான் தெரியும். அவரை உட்கார வைத்து ஒரு தாளில் வரைந்து வாங்கி, அதையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.